மெய்நிகர் பொறி ஏன் செயலிழக்கின்றது? – வலையமைப்புச் செலுத்தியின் பழுதைக் கண்டறிதல்

பணிசெயல் முறைமையின் பணிகளை எழுதுக என்று கேட்டால் முறைவழி முகாமைத்துவம், நினைவக முகாமைத்துவம், கோப்பு முகாமைத்துவம், சாதன முகாமைத்துவம் என்று வரிசையாக எழுதிவிடுவீர்கள். கடைசியாக எழுதிய சாதன முகாமைத்துவத்தை விளக்குக என்றால்தான் பலர் தடுமாறுகின்றனர். சாதனங்கள் ஒழுங்காக இயங்கும்போது அவற்றை இயக்கும் செலுத்தி மென்பொருள் எவர் கண்ணிலும் படாது. பழுது வரும்போதுதான் அது வெளியே தெரிகின்றது. ஆகவே இப்பாடத்தில் ஒரு பழுதைப் பின்தொடர்ந்து செல்வோம்.

செலுத்தி என்பது யாது?

வன்பொருட் சாதனமொன்றுக்கும் பணிசெயல் முறைமைக்கும் இடையே நின்று தொடர்பை ஏற்படுத்தும் மென்பொருள் சாதனச் செலுத்தி எனப்படும். கணினிக் கடைகளில் "டிரைவர்" என்று சொல்வது இதனையே.

2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலையிலிருந்து வாவியைக் கடந்து எழுவான்கரைக்குச் செல்பவர்கள் மண்முனைத்துறையில் "பாதை" ஏறினார்கள். (உங்களில் சிலரைச் சிறு பிள்ளையாக அதில் தூக்கிச் சென்றிருப்பார்கள்; வீட்டில் கேட்டுப் பாருங்கள்.) பாதையில் ஏறியவருக்கு வாவி எங்கே ஆழம், எங்கே மணல்மேடு என்று தெரியவேண்டியதில்லை. பாதையைச் செலுத்துபவருக்குத் தெரிந்தால் போதும். அவ்வாறே நீங்கள் பயன்படுத்தும் இணைய உலாவிக்கு வலையமைப்பு அட்டையின் உள்ளமைப்பு தெரியாது. "இந்தத் தரவைக் கொண்டுபோ" என்று அது பணிசெயல் முறைமையிடம் ஒப்படைக்கும். பணிசெயல் முறைமை செலுத்தியிடம் கொடுக்கும். செலுத்தி அந்தக் குறிப்பிட்ட அட்டைக்குப் புரியும் வகையில் அனுப்பும்.

பயணி ஒருவர் மயங்கி விழுந்தால் பாதை நிற்பதில்லை. செலுத்துபவர் பிழைவிட்டால் ஏறிய அனைவரும் நனைவார்கள். கணினியிலும் இதே வேறுபாடு உண்டு. பயன்பாட்டு மென்பொருள்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட நினைவகப் பகுதிக்குள் மாத்திரம் இயங்குகின்றன. ஒன்று பிழைவிட்டால் பணிசெயல் முறைமை அதனை மட்டும் மூடிவிடும். ஆனால் பெரும்பாலான செலுத்திகள் "கெர்னல்" எனப்படும் கருப்பகுதியின் உள்ளே, பணிசெயல் முறைமைக்குள்ள அதே அதிகாரத்துடன் இயங்குகின்றன. அங்கே ஒரு செலுத்தி தனக்குரியதல்லாத நினைவக முகவரியைத் தொட்டால், தரவு மேலும் பழுதாகாதிருக்கும் பொருட்டு முறைமை தன்னைத்தானே நிறுத்திக்கொள்கின்றது. விண்டோஸில் இந்நிலை நீலத்திரையாகத் தெரிந்தது. 2025 இல் விண்டோஸ் 11 இல் அது கறுப்புத் திரையாக மாற்றப்பட்டது. லினக்ஸில் இதனைக் "கெர்னல் பனிக்" என்பர்.

வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், விண்டோஸ் எக்ஸ்பியில் அறிக்கையிடப்பட்ட செயலிழப்புகளில் 85 சதவீதத்துக்குச் செலுத்திகளே காரணம் எனக் குறிப்பிட்டனர். லினக்ஸின் கருப்பகுதியை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு (2001), செலுத்திகளில் பிழைகள் இருக்கும் வீதம் ஏனைய பகுதிகளை விட 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று கண்டது. இதில் வியப்பில்லை. செலுத்திகளைப் பெரும்பாலும் எழுதுவது சாதன உற்பத்தியாளர்கள். அவற்றைச் சோதிக்க வேண்டிய சாதனச் சேர்க்கைகளோ எண்ணிலடங்கா.

பொறிக்குள் ஒரு பொறி

ஒரு கணினியின் உள்ளே மென்பொருளால் உருவாக்கப்பட்ட இன்னொரு கணினி மெய்நிகர் பொறி (வேர்ச்சுவல் மெஷின்) எனப்படும். எண்ணக்கரு புதியதன்று. ஐபிஎம் நிறுவனம் தனது பெருமுகக் கணினிகளுக்காக "விஎம்/370" என்னும் முறைமையை 1972 இலேயே அறிமுகப்படுத்தியது. நாம் மேசைக்கணினியில் பயன்படுத்தும் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருள் 2007 இல் வெளிவந்தது. இலவசமாகக் கிடைப்பதால், விண்டோஸ் உள்ள கணினியில் லினக்ஸைப் பழகுவதற்குப் பாடசாலைகளுக்கு இது நல்ல வழி.

எழுதுவதற்கு வசதியாக, மேசையில் உள்ள உண்மையான கணினியை வெளிப்பொறி என்றும் அதனுள் இயங்குவதை உட்பொறி என்றும் இங்கு அழைப்போம். ஆங்கில நூல்களில் இவை ஹோஸ்ட், கெஸ்ட் எனப்படும்.

உட்பொறிக்கும் ஒரு வலையமைப்பு அட்டை உண்டு. ஆனால் அதனைக் கையால் தொட முடியாது; அது அட்டையைப் போல நடிக்கும் மென்பொருளே. வேர்ச்சுவல்பொக்ஸில் இன்ரெல் நிறுவனத்தின் "புரோ/1000", ஏஎம்டி நிறுவனத்தின் "பிசிநெட்" போன்ற பழைய அட்டைகளாக அது நடிக்கும். உட்பொறியில் உள்ள லினக்ஸ், உண்மையான அட்டையே இருப்பதாக நம்பி அதற்குரிய செலுத்தியை ஏற்றிக்கொள்ளும்.

இப்போது உட்பொறியிலிருந்து புறப்படும் ஒரு தரவுப் பொதியின் பயணத்தைப் பாருங்கள். முதலில் உட்பொறியின் செலுத்தி. அடுத்து, அட்டையாக நடிக்கும் மென்பொருளும் அதனை வெளியுடன் இணைக்கும் பகுதியும். மூன்றாவது, வெளிப்பொறியின் உண்மையான அட்டைக்குரிய செலுத்தி. ஒரு பொதி மூன்று துறைகளைக் கடந்த பின்னரே வடத்தில் ஏறுகின்றது. எந்தத் துறையில் பிழை நேர்ந்தது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும்.

முதலாம் துறையில் பிழை எனின், உட்பொறியின் சாளரத்தினுள் மாத்திரம் பனிக் செய்தியோ நீலத்திரையோ தோன்றும். வெளிப்பொறியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் பாட்டுத் தொடரும். இரண்டாம் துறையில் எனின், உட்பொறியின் சாளரம் திடீரென மறையும், அல்லது வேர்ச்சுவல்பொக்ஸ் "குரு மெடிட்டேஷன்" என்ற செய்தியைக் காட்டும். (எந்தக் குருவும் தியானத்தில் இல்லை, 1980களின் அமிகா கணினிகளில் இருந்து கடன் வாங்கிய வேடிக்கைப் பெயர் இது.) மூன்றாம் துறையில் எனின், முழுக் கணினியுமே நிற்கும், எத்தனை உட்பொறிகள் இயங்கினாலும் அனைத்தும் ஒன்றாக அணையும். இரண்டாம் துறையின் ஒரு பகுதியும் வெளிப்பொறியின் கருப்பகுதிக்குள் இயங்குவதால், அங்கு நேரும் பிழையும் சிலவேளை முழுக் கணினியை வீழ்த்தலாம். கீழே வரும் சம்பவத்தில் குழப்பம் ஏற்பட்டதும் இதனால்தான்.

ஆய்வுகூடத்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன்னர் படுவான்கரைப் பாடசாலையொன்றின் கணினி ஆய்வுகூடத்தில் நான் கண்டது இது. பதினோராந் தர மாணவர்கள் தமது இணையத்தளச் செயற்றிட்டங்களை ஒரே உட்பொறியில் சேமித்து வந்தனர். ஒப்படைக்க ஒரு வாரமே இருந்தது. அடுத்த கணினியிலிருந்து படக் கோப்புகளை உட்பொறிக்குப் பிரதிசெய்யத் தொடங்கினால் இரண்டு மூன்று நிமிடங்களில் முழுக் கணினியும் நீலத்திரையாகும். திரையில் "டிரைவர் ஐஆர்கியூஎல் நொட் லெஸ் ஓர் ஈக்குவல்" என்ற வாசகமும், "என்டிஐஎஸ்" என்று தொடங்கும் கோப்புப் பெயரும் இருந்தன. என்டிஐஎஸ் என்பது விண்டோஸில் வலையமைப்புச் செலுத்திகள் யாவும் பொதுவாகப் பயன்படுத்தும் பகுதி.

"போர்மட் அடிச்சா சரி வந்திரும் சேர்" என்றான் ஒரு மாணவன். கடையிலும் அதையே சொன்னார்களாம். வயதில் மூத்த ஆசிரியர் ஒருவர், "பொறு மனே, முதல்ல பிள்ளைகள்ற வேலைய எடுத்து வை. மற்றதப் பிறகு பாப்பம்" என்றார். அவ்வேளை அந்த அறையில் சொல்லப்பட்டவற்றுள் மிகப் பயனுள்ள வசனம் அதுவே. உட்பொறியின் வன்தட்டு என்பது வெளிப்பொறியின் வன்தட்டில் உள்ள ஒரு பெரிய கோப்பு மாத்திரமே. வெளிப்பொறியை போர்மட் செய்தால் அக்கோப்பும் போய்விடும். "சினப்ஷொட்" எடுத்திருந்தோமே என்று சிலர் நினைப்பர். அதுவும் அதே வன்தட்டில்தான் இருக்கும்.

உட்பொறியை முறைப்படி அணைத்துவிட்டு அந்தக் கோப்பைப் பிரதிசெய்யப் போனால் அடுத்த தடை. கோப்பின் அளவு 12 ஜிகாபைட்டு. பென் டிரைவில் போதிய இடம் இருந்தும் "கோப்பு மிகப் பெரியது" என்று மறுத்தது. காரணம், அந்தப் பென் டிரைவ் ஃபாட்32 முறையில் அமைக்கப்பட்டிருந்தது. ஃபாட்32 இல் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிகாபைட்டை எட்ட முடியாது. வெற்றுப் பென் டிரைவ் ஒன்றை எக்ஸ்ஃபாட் முறையில் போர்மட் செய்த பின்னரே பிரதி எடுக்க முடிந்தது. போர்மட் செய்யவேண்டிய பொருள் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது கணினியன்று, பென் டிரைவ்!

பிறகு சோதனை தொடங்கியது. ஒரே தடவையில் ஒன்றை மாத்திரம் மாற்றுவது, அதே கோப்பைப் பிரதிசெய்வது, முடிவைக் கொப்பியில் எழுதுவது என்று தீர்மானிக்கப்பட்டது.

முதலில் வேர்ச்சுவல்பொக்ஸை மூடிவிட்டு வெளிப்பொறியிலேயே அதே கோப்பைப் பிரதிசெய்தனர். வீழ்ச்சி இல்லை. "அப்ப வேர்ச்சுவல்பொக்ஸ்தான் கள்ளன்" என்று எல்லாரும் முடிவுகட்டினர். அவசர முடிவு. அடுத்து, உட்பொறியின் வலையமைப்பைப் "பிரிட்ஜ்ட்" முறையிலிருந்து "நாட்" முறைக்கு மாற்றினர். வீழ்ச்சி இல்லை. மீண்டும் பிரிட்ஜ்ட் முறைக்கு வந்து, உட்பொறியின் அட்டையை இன்ரெல்லிலிருந்து பிசிநெட்டுக்கு மாற்றினர். வீழ்ந்தது. அட்டை மாறியதால் உட்பொறியில் ஏறிய செலுத்தியும் மாறிவிட்டது. இருந்தும் முழுக் கணினியே வீழ்கின்றது. ஆகவே முதலாம் துறையை விட்டுவிடலாம்.

நான்காம் சோதனைதான் திருப்பம். அக்கணினி வலையமைப்புடன் இணைந்திருந்தது யூஎஸ்பி துளையில் செருகிய சிறிய வைஃபை அடப்டரினால். அதனைக் கழற்றிவிட்டு, தாய்ப்பலகையில் உள்ள அட்டையில் வடத்தைச் செருகி, பிரிட்ஜ்ட் முறையிலேயே பிரதிசெய்தனர். இரண்டு தடவை செய்தும் வீழவில்லை. அப்படியாயின் வேர்ச்சுவல்பொக்ஸ் மாத்திரம் குற்றவாளி அன்று. அதுவும் வைஃபை அடப்டரின் செலுத்தியும் சேரும்போதே பழுது வருகின்றது.

அடப்டரின் செலுத்தி, பெட்டியுடன் வந்த சிறிய இறுவட்டிலிருந்து நிறுவப்பட்டது; கணினியில் இருந்த விண்டோஸ் பதிப்பை விடப் பல ஆண்டுகள் பழையது. உற்பத்தியாளரின் தளத்திலிருந்து அப்பதிப்புக்குரிய செலுத்தியை வேறொரு கணினியில் தரவிறக்கி நிறுவினர். அரை மணித்தியாலம் பிரதிசெய்தும் வீழ்ச்சி இல்லை.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவ்வாசிரியர் பழைய செலுத்தியை மீண்டும் நிறுவச் சொன்னார். மூன்றாம் நிமிடத்தில் நீலத்திரை வந்தது. மாணவர்கள் கைதட்டினர்! நீலத்திரைக்குக் கைதட்டல் கிடைத்ததை நான் கண்டது அன்று மட்டுமே. மாற்றத்தை நீக்கினால் பழுது திரும்புகின்றது, மாற்றத்தைச் செய்தால் மறைகின்றது என்று காட்டினால்தான் காரணம் உறுதியாகும். இந்த ஆறாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. அதனால்தான் "தானாகச் சரியாகிவிட்டது" என்று சொல்லப்பட்ட கணினிகள் மறுமாதம் மீண்டும் கடைக்கு வருகின்றன.

நாட் முறையில் வீழாததற்கும் காரணம் உண்டு. நாட் முறையில் வேர்ச்சுவல்பொக்ஸ் வெளிப்பொறியின் சாதாரண மென்பொருள் ஒன்றைப் போலப் பணிசெயல் முறைமையிடம் தரவை ஒப்படைக்கின்றது. பிரிட்ஜ்ட் முறையிலோ, உட்பொறியானது வலையமைப்பில் தனிக் கணினியாகத் தோன்றவேண்டும். இதற்காக வேர்ச்சுவல்பொக்ஸ் "வடிகட்டிச் செலுத்தி" ஒன்றை வெளிப்பொறியின் கருப்பகுதிக்குள் நிறுவி, உண்மையான அட்டையின் செலுத்தியுடன் நேரடியாகப் பொதிகளைப் பரிமாறுகின்றது. பாலம் அமைந்தால் போக்குவரத்து விரைவுதான். ஆனால் பாலத்தின் இரு கரையும் உறுதியாக இருக்கவேண்டுமே!

திரையில் தோன்றும் பெயர்

நீலத்திரையில் என்டிஐஎஸ் என்ற பெயர் இருந்தது. குற்றவாளி அதுவன்று என்பதைக் கண்டோம். திரையில் தோன்றும் பெயர் வீழ்ச்சி நடந்த இடத்தைக் காட்டும். வீழ்த்தியவர் வேறாக இருக்கலாம்.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் 2008 செப்டெம்பரில் நடந்தது. லினக்ஸின் 2.6.27 பதிப்பைச் சோதித்துக்கொண்டிருந்தவர்களின் கணினிகளில் இன்ரெல் வலையமைப்பு அட்டைகள் சில பழுதடைந்தன. அட்டையின் உள்ளே நிரந்தரமாகப் பதியப்பட்டிருக்கும் தரவு அழிந்துபோனமையால் கணினியை மீளத் தொடக்கினாலும் அட்டை இயங்கவில்லை. "இ1000இ" என்ற அதன் செலுத்தியையே அனைவரும் குறைகூறினர். ஒக்டோபரில் உண்மை வெளிவந்தது. கருப்பகுதியின் இயக்கத்தைப் பின்தொடர்வதற்கென எழுதப்பட்ட "எஃப்ட்ரேஸ்" என்னும் வேறொரு பகுதி, ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவக முகவரியில் எழுதியது. அம்முகவரி இப்போது அட்டைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. செலுத்தி இங்கே பாதிக்கப்பட்டவர், குற்றவாளி அன்று.

மறுபக்கத்துக்கும் உதாரணம் உண்டு. விஎம்வெயார் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ்ஐ முறைமை, நேரடியாக வன்பொருளின் மேல் இயங்கி ஒரே சேவையகத்தில் பல உட்பொறிகளைத் தாங்கும். அதன் 5 ஆம் வரிசைப் பதிப்புகளில், "இ1000" ஆக நடிக்கும் அட்டையைக் கொண்ட உட்பொறி ஒன்று தரவைப் பெறும்போது முழுச் சேவையகமும் ஊதாத்திரையுடன் நின்ற சம்பவங்கள் பதிவாகின. ஒரு உட்பொறிக்காக ஏனைய அனைத்தும் அணைந்தன. திருத்தம் வரும் வரை, அட்டையின் வகையை அந்நிறுவனத்தின் சொந்த "விஎம்எக்ஸ்நெட்3" ஆக மாற்றுமாறு ஆலோசனை வழங்கப்பட்டது. இங்கு பிழை இரண்டாம் துறையில்.

2024 ஜூலை 19

கருப்பகுதிக்குள் நிகழும் ஒரு பிழை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை உலகம் அன்று கண்டது. கிரௌட்ஸ்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் இலங்கை நேரப்படி காலை 9.39 க்கு ஒரு சிறு இற்றைப்படுத்தற் கோப்பை அனுப்பியது. கருப்பகுதியில் செலுத்தியாக இயங்கிய அதன் மென்பொருள், 20 பெறுமானங்கள் தரப்பட்ட இடத்தில் 21 ஆவதையும் படிக்க முயன்று எல்லைக்கு வெளியேயுள்ள நினைவகத்தைத் தொட்டது. மைக்ரோசொஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்கு அனுமதிச் சீட்டுகள் கையால் எழுதிக் கொடுக்கப்பட்டன. 10.57 க்கே பிழையான கோப்பு மீளப்பெறப்பட்டது. ஆனால் அதற்குள் வீழ்ந்துவிட்ட கணினிகள் ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் மீண்டும் வீழ்ந்தன.

இது வலையமைப்புச் செலுத்தியின் பிழையன்று. எனினும் மீட்பில் வலையமைப்புக்குப் பெரும் பங்கிருந்தது. கணினி தொடங்கும்போது, வீழ்வதற்கு முன்னரே வலையமைப்பு இணைந்துவிட்டால் திருத்திய கோப்பு வந்து சேரும். இதனால் வைஃபையை விட வடத்தில் இணைத்து மீளத் தொடக்குமாறு கிரௌட்ஸ்ரைக் கூறியது. மைக்ரோசொஃப்ட்டின் அசூர் மேகத்தில் இருந்த மெய்நிகர் பொறிகள் சில, 15 தடவை வரை மீளத் தொடக்கப்பட்ட பின் எழுந்தன. எழாதவற்றுக்கு இன்னொரு வழி இருந்தது. வீழ்ந்த உட்பொறியின் வன்தட்டைக் கழற்றி, நலமாக உள்ள வேறோர் உட்பொறியில் இரண்டாவது வன்தட்டாக இணைத்து, பிழையான கோப்பை அழித்து, மீண்டும் பொருத்துவது. கையில் திருப்புளி இல்லாமல் வன்தட்டைக் கழற்ற முடிவது மெய்நிகர் பொறியின் வசதிகளுள் ஒன்று.

பாதுகாப்புப் பயன்முறை பற்றி ஒரு குறிப்பு

விண்டோஸ் தொடங்க மறுத்தால் பாதுகாப்புப் பயன்முறையில், அதாவது "சேஃப் மோட்" இல், தொடக்கலாம். அப்போது மிக அவசியமான செலுத்திகள் மாத்திரம் ஏறும். அப்பட்டியலில் "வலையமைப்புடன்" என்ற தெரிவும் உண்டு; வலையமைப்புச் செலுத்தியிலேயே ஐயம் இருந்தால் அதனைத் தெரிவுசெய்ய வேண்டாம். உள்ளே சென்றதும் சாதன முகாமையாளரில் அட்டையின் பெயரைத் திறந்து, "ரோல் பேக் டிரைவர்" மூலம் முந்தைய செலுத்திக்குத் திரும்பலாம். முந்தையது சேமிக்கப்பட்டிராவிட்டால் அப்பொத்தான் மங்கலாக இருக்கும். அவ்வேளை செலுத்தியை நீக்கிவிட்டு உரியதை நிறுவவேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. உட்பொறியில் கோப்பொன்றைத் தரவிறக்கும்போது அதன் சாளரத்தினுள் மாத்திரம் "கெர்னல் பனிக்" தோன்றுகின்றது. வெளிப்பொறி வழமைபோல இயங்குகின்றது. முதலில் ஐயுற வேண்டியது,
(1) வெளிப்பொறியின் அட்டைக்குரிய செலுத்தி (2) உட்பொறியில் உள்ள செலுத்தி (3) வலையமைப்பு வடம் (4) வெளிப்பொறியின் வன்தட்டு
விடை: (2)

2. பயன்பாட்டு மென்பொருளொன்றின் பிழை கணினியை நிறுத்துவதில்லை. செலுத்தியின் பிழை நிறுத்துகின்றது. காரணம் தருக.
விடை: பயன்பாட்டு மென்பொருள் தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகப் பகுதியில் மாத்திரம் இயங்குவதால் பணிசெயல் முறைமை அதனைத் தனியே மூடலாம். செலுத்தி கருப்பகுதிக்குள் அதே அதிகாரத்துடன் இயங்குவதால் அதன் பிழை முழு முறைமையையும் பாதிக்கும். ("செலுத்தி முக்கியமானது என்பதனால்" என்று மட்டும் எழுதினால் காரணம் தந்ததாகாது.)

3. மேற்கூறிய ஆய்வுகூடச் சம்பவத்தில் வேர்ச்சுவல்பொக்ஸ் மாத்திரம் காரணமன்று என்பதைக் காட்டிய சோதனை எது? ஏன்?
விடை: நான்காம் சோதனை. பிரிட்ஜ்ட் முறையை மாற்றாது வைஃபை அடப்டருக்குப் பதிலாகத் தாய்ப்பலகையின் அட்டையைப் பயன்படுத்தியபோது வீழ்ச்சி ஏற்படவில்லை. வேர்ச்சுவல்பொக்ஸின் வடிகட்டிச் செலுத்தி அப்போதும் இயங்கிக்கொண்டிருந்தது. மாறியது வெளிப்பொறியின் அட்டையும் அதன் செலுத்தியும் மாத்திரமே.